பழைய இதழ்ப் பக்கங்களை ஸ்கேன் செய்து ஸ்லைடில் போட்டால் ஒன்று மங்குகிறது, இல்லாவிட்டால் ஃபைல் வீங்குகிறது

இதழியல்மாணவி:

வணக்கம். 1930களில் வந்த தமிழ் இதழ்களின் பக்க அமைப்பு பற்றி ஒரு கருத்தரங்குக்கு பவர்பாயிண்டில் 22 ஸ்லைடு தயாராகிறது. மொத்தம் 26 படங்கள். எல்லாம் பிளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கலர், பிஎன்ஜி ஃபைலாக எடுத்தவை. பக்கம் ஏறத்தாழ 7 அங்குல அகலம், 9.5 அங்குல உயரம், இரண்டு பத்தி. தாள் நன்றாகப் பழுப்பேறியது. பின்பக்க எழுத்து முன்னால் நிழலாகத் தெரிகிறது.

ஆப்ஷன்ஸில் "படங்களைச் சுருக்காதே" என்ற கட்டத்தில் டிக் போட்டுச் சேமித்தால் ஃபைல் 870 எம்பி ஆகிறது. டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்தால் அளவு இறங்குகிறது, ஆனால் மறுநாள் திறந்து ஒரு படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து மங்கல். இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறதா?

இன்னும் சில சந்தேகங்கள். இதழில் அச்சான புகைப்படங்கள் லேப்டாப்பில் சரியாக இருக்கின்றன, ப்ரொஜெக்டரில் மட்டும் அலையலையாகக் கோடு விழுகிறது. தீம் கரும்பச்சை, அதன்மேல் ஸ்கேன் பக்கம் கண்ணைக் கூசுகிறது. முழுப் பக்கத்தையும் காட்டிவிட்டு அதில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்காட்ட வேண்டும். பழைய பதிப்பில் ஸ்கேனரிலிருந்து நேராகப் படம் எடுக்கும் வசதி இருந்ததே, அது இப்போது எங்கே போனது?

பிக்சல்பாண்டி:

முதல்ல கடைசிக் கேள்வி. ஸ்கேனரிலிருந்து நேரா இழுக்கிற மெனு 2003 பதிப்போட போச்சு. இப்ப ஸ்கேன் பண்ணி ஃபைலா சேமிச்சு, இன்செர்ட் > பிக்சர்ஸ் > திஸ் டிவைஸ் வழியாத்தான் கொண்டுவரணும். அது நல்லதுக்குத்தான். ஸ்கேன் ஆனது ஆனபடியே ஸ்லைடுல விழுந்தா நீங்க சொல்ற எல்லாத் தொல்லையும் வரும்.

இப்ப மங்கலுக்கு வருவோம். பவர்பாயிண்ட் படத்தைச் சேமிக்கிறப்ப, அந்தப் படம் ஸ்லைடுல எத்தனை அங்குலம் இருக்குன்னு பார்க்கும். இயல்பு அமைப்பு 220 பிபிஐ. அதாவது அங்குலத்துக்கு 220 பிக்சல் வச்சுக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடும். நீங்க 4200 பிக்சல் அகலப் பக்கத்தை ஸ்லைடு ஓரத்துல 4 அங்குல அகலத்துக்குச் சின்னதா வச்சுச் சேமிச்சா, ஃபைலுக்குள்ள மிஞ்சுறது 880 பிக்சல்தான். மறுநாள் அதையே 13 அங்குலத்துக்கு இழுத்தா அங்குலத்துக்கு 67 பிக்சல். மங்காம என்ன செய்யும்? ரீசெட் பிக்சர் அழுத்தினாலும் திரும்பி வராது, போனது போனதுதான்.

அதனால வரிசை முக்கியம். கடைசியா எந்த அளவுல நிக்கப் போகுதோ அந்த அளவுக்குப் படத்தை வச்ச பிறகு சேமிங்க. நடுவுல வேலை நடக்கும்போது ஃபைல் > ஆப்ஷன்ஸ் > அட்வான்ஸ்டு போய் இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி பகுதியில சுருக்காதேன்னு டிக் இருக்கட்டும். இது ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியா இருக்கிற அமைப்பு. புது ஃபைல் தொடங்கினா முதல் தடவை சேமிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடணும்.

அடுத்து 600 டிபிஐ. ப்ரொஜெக்டர் காட்டுறது பெரும்பாலும் 1920 க்கு 1080 பிக்சல். ஸ்லைடு 13.33 க்கு 7.5 அங்குலம். எத்தனை டிபிஐ வேணும்ங்கறது தாளோட அளவை வச்சு வர்றதில்லை. தாள்ல எந்தத் துண்டைக் காட்டப் போறீங்க, அது திரையில எத்தனை பிக்சல் பிடிக்கும், அதுதான் கணக்கு. திரை பிக்சலைத் தாள் அங்குலத்தால வகுங்க.

உங்க பக்கத்துக்கே போட்டுப் பார்ப்போம். முழுப் பக்கம், உயரம் 9.5 அங்குலம், திரையில 1080 பிக்சல். 1080 வகுத்தல் 9.5, சுமார் 114 டிபிஐ. அவ்வளவுதான். முழுப் பக்கத்தைக் காட்ட 600 டிபிஐ சுத்த வீண். ஆனா அந்த முழுப் பக்கத்துல ஒரு எழுத்தும் படிக்க முடியாது. 12 பாயிண்ட் வரி இடைவெளின்னா அங்குலத்துக்கு 6 வரி, திரையில ஒரு வரிக்கு 19 பிக்சல், அதுல எழுத்து 10 பிக்சல். முதல் வரிசைக்காரருக்கே தெரியாது. முழுப் பக்கம் பக்க அமைப்பைக் காட்ட மட்டும்தான்.

படிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு பத்தியை மட்டும் வெட்டுங்க. பத்தி அகலம் 2.8 அங்குலம் இருக்கும். அதைத் திரையில 60 சதவீத அகலத்துக்கு, அதாவது 1150 பிக்சலுக்கு வச்சா 410 டிபிஐ. ஒரு வரிக்கு 68 பிக்சல் வரும். ஸ்லைடுல 24 பாயிண்ட்ல டைப் பண்ணின மாதிரி இருக்கும். 8 வரி, 10 வரிக்கு மேல வெட்டாதீங்க. ஆக 400 டிபிஐ போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்தைத் திரை உயரத்துக்கு நிறுத்தணும்னா 600 வேணும். தபால் தலைன்னா 1200. இதுல ஒண்ணு கவனிக்கணும்: ஸ்கேனர் பெட்டியில போட்டிருக்கிற பெரிய எண்ணை நம்பாதீங்க, ஆப்டிகல் ரெசல்யூஷன் எவ்வளவுன்னு பாருங்க. அதுக்கு மேல உள்ளது சாஃப்ட்வேர் ஊதிக் காட்டுறது.

ஃபைல் வகையில பிஎன்ஜிதான் உங்க 870 எம்பிக்குக் காரணம். பழுப்புத் தாளோட நார், புள்ளி, கறை எல்லாத்தையும் ஒரு பிக்சல் விடாம அது காப்பாத்தும். சுத்த வெள்ளையில கறுப்புக் கோடு இருந்தாத்தான் பிஎன்ஜி சின்னதா இருக்கும். தாள் நிறத்தோட இருக்கிற பக்கத்துக்கு ஜேபெக், தரம் 85இலிருந்து 90. இந்தப் பத்தி வெட்டல் ஒவ்வொண்ணும் 300இலிருந்து 500 கேபி வரும். முழுப் பக்கத்தை 1080 பிக்சலுக்கு நேரா குறைக்காம, 2000 பிக்சல் உயரம் வச்சா 1 எம்பிக்குள்ள அடங்கும்.

அச்சுமை:

பாண்டி சொன்ன கணக்கு சரி. ஆனால் 600 டிபிஐ ஸ்கேனை அழித்துவிட வேண்டாம். அது மூலப்படி, டிஃப் அல்லது பிஎன்ஜியாகத் தனி ஃபோல்டரில் இருக்கட்டும். உதிரும் தாளை இரண்டாம் முறை கண்ணாடியில் வைப்பது நல்லதல்ல. ஸ்லைடுக்கு அதிலிருந்து சிறிய படி எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்க எழுத்து தெரிவதற்கு ஸ்கேனர் மூடியின் உட்புறம் வெள்ளையாக இருப்பதுதான் காரணம். மெல்லிய தாளை ஊடுருவிய ஒளி வெள்ளையில் பட்டுத் திரும்பும்போது பின்பக்க மையின் நிழலையும் கொண்டுவருகிறது. பக்கத்தின் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வையுங்கள், பளபளப்பு இல்லாத சார்ட் தாள் போதும். நிழல் பெருமளவு போய்விடும். பக்கம் முழுவதும் ஓரளவு இருண்டு விழும். அதைப் பின்னால் படத்திருத்த மென்பொருளின் லெவல்ஸில் ஏற்றிக்கொள்ளலாம். தொகுப்பாகக் கட்டிய இதழ் என்றால், எடுக்கும் பக்கத்துக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே கறுப்பு அட்டையைச் செருகினால் போதும்.

கட்டிய தொகுப்பில் இன்னொரு தொல்லை, முதுகுப் பக்கம் எழுத்து வளைந்து இருளடிப்பது. மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் உணரிதான் இருக்கும். கண்ணாடியை ஒட்டியது மட்டுமே அதில் கூர்மையாக விழும், சில மில்லிமீட்டர் தூக்கலாக இருந்தாலே மங்கும். சிசிடி வகை தடிமனான ஸ்கேனர் அந்த இடத்தில் தாங்கும். அதற்காக முதுகை அழுத்தித் தட்டையாக்காதீர்கள். இருபுறமும் 45 பாகையில் இரண்டு விளக்கு வைத்துக் கேமராவால் எடுப்பது அந்தப் பக்கங்களுக்குப் பொருத்தம்.

பழுப்பு நிறத்துக்கு ஒரு வழி சொல்கிறேன், பலர் கவனிப்பதில்லை. கறுப்பு மை மட்டுமே உள்ள பக்கமாக இருந்தாலும் 24 பிட் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். கலர்ப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிற அடுக்கு, அதாவது சேனல் இருக்கும். மஞ்சளும் பழுப்பும் நீல சேனலில் கருமையாக விழும், சிவப்பு சேனலில் வெளுத்துவிடும். கிம்ப் மென்பொருளில் கலர்ஸ் > காம்பொனென்ட்ஸ் > எக்ஸ்ட்ராக்ட் காம்பொனென்ட் போய் ஆர்ஜிபி ரெட் என்பதைத் தேர்ந்தால், கறை பாதி மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். சாதாரண கிரேஸ்கேலாக மாற்றினால் மூன்று சேனலும் கலந்து கறையும் கூடவே வரும். எச்சரிக்கை ஒன்று: யாராவது சிவப்புப் பென்சிலில் கோடிட்டிருந்தால், சிவப்பு முத்திரை குத்தியிருந்தால் அதுவும் இந்த வழியில் மறையும். அதைக் காட்ட வேண்டியிருந்தால் கலர்ப் படியையே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கலர்ஸ் > லெவல்ஸ். வரைபடத்தில் வலப்பக்கம் பெரிய மேடு தெரியும், அதுதான் தாள். வலது முக்கோணத்தை அந்த மேட்டின் உச்சியைச் சற்றுத் தாண்டி நிறுத்துங்கள். உச்சி 210இல் இருந்தால் 220, 225 அளவில். மேட்டின் இடப்பக்கம் வரை இழுத்தால் தாள் அப்பட்டமான வெள்ளையாகி, மெல்லிய எழுத்துக் கோடுகள் உடையும். இடது முக்கோணத்தை எழுத்து மை தொடங்கும் இடம் வரை கொண்டுவாருங்கள், 30, 40 இருக்கும்.

தமிழ் எழுத்துக்கு என்று ஒரு கவனம் வேண்டும். ஸ்கேனர் மென்பொருளில் டஸ்ட் ரிமூவல், டெஸ்பெக்கிள் என்று வருவதையெல்லாம் அணைத்துவிடுங்கள். தாளில் உள்ள தூசிக்கும் மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளிக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. க் எல்லாம் க ஆகிவிடும். சுத்த கறுப்பு வெள்ளையாக, அதாவது 1 பிட்டில் ஸ்கேன் செய்தாலும் இதே கதிதான். புள்ளி மங்கலாக அச்சான இடங்களில் முதலில் போவது அதுவே.

புகைப்பட அலைக்கோடு: அச்சில் புகைப்படம் என்பது சிறு புள்ளிகளின் வலை. செய்தித்தாளில் அங்குலத்துக்கு 85 கோடு அல்லது அதற்கும் குறைவு; நல்ல தாளில் அச்சான வார இதழில் 133, 150. இந்த வலையும் ப்ரொஜெக்டரின் பிக்சல் வலையும் ஒன்றோடொன்று மோதும்போது அலை பிறக்கிறது. லேப்டாப்பில் வேறு அளவில் காட்டுவதால் அங்கே தெரிவதில்லை. வலையைப் படத்திலேயே கரைத்துவிட வேண்டும். ஸ்கேனர் மென்பொருளில் டீஸ்கிரீன் என்று இருக்கும்; செய்தித்தாள் அமைப்பைத் தேருங்கள். அது இல்லையென்றால் உங்கள் 600 டிபிஐ படியிலேயே செய்யலாம். 85 கோட்டு வலைக்கு 600 டிபிஐயில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 7 பிக்சல். புகைப்படப் பகுதியை மட்டும் தேர்ந்து ஃபில்டர்ஸ் > பிளர் > காஸியன் பிளரில் 3 அல்லது 3.5 கொடுங்கள், வலை கரையும். பிறகு இமேஜ் > ஸ்கேல் இமேஜில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, கடைசியாக லேசாக ஷார்ப்பன். முதலில் ஷார்ப்பன் செய்துவிட்டால் புள்ளிகள்தான் கூர்மையாகும். பக்கம் முழுவதற்கும் டீஸ்கிரீன் போடாதீர்கள், எழுத்தும் சேர்ந்து கரைந்துவிடும்.

இதழியல்மாணவி:

நன்றி பாண்டி அண்ணா, நன்றி அச்சுமை சார். கறுப்பு அட்டை வைத்ததில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. நாப்ஸ்2 என்ற ஸ்கேன் மென்பொருள் வழியாக மறுபடி எடுக்கிறேன், சாய்வைச் சரிசெய்யும் வசதி அதிலேயே இருக்கிறது.

இன்னும் இரண்டு. வரியை எடுத்துக்காட்ட மஞ்சள் கட்டம் போட்டால் எழுத்து அடியில் அமுங்கிவிடுகிறது. அடுத்து, ஒரு ஸ்லைடில் வாசகர் ஒருவர் எழுதிய பழைய கடிதம் வருகிறது. அதில் வீட்டு முகவரி இருக்கிறது. கிராப் செய்து மறைத்திருக்கிறேன், அது போதுமா?

ஸ்லைடுசித்தர்:

கிராப் போதாதும்மா. கிராப் என்பது மறைப்பு மட்டும்தான், வெட்டிய பகுதி ஃபைலுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். யார் வேண்டுமானாலும் படத்தைக் கிளிக் செய்து கிராப் அழுத்தினால் முகவரி தெரிந்துவிடும். மேலே கறுப்புக் கட்டம் வைத்து மறைத்தாலும் அதே கதை, கட்டத்தை நகர்த்தினால் தீர்ந்தது. நம்பிக்கை இல்லையென்றால் ஃபைலின் படி ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள பிபிடிஎக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே பிபிடி ஃபோல்டரில் மீடியா என்ற ஃபோல்டர் இருக்கும், எல்லாப் படமும் முழுசாக அங்கே கிடக்கும். எந்தப் படம் எத்தனை எம்பி தின்கிறது என்று பார்க்கவும் இதுதான் சுலபமான வழி.

முகவரி போன்றவற்றை ஸ்லைடுக்கு வரும் முன்பே பெயிண்டிலோ கிம்பிலோ வெட்டிவிட்டு, அந்தப் படியை மட்டும் இன்செர்ட் செய்யுங்கள். ஏற்கெனவே ஸ்லைடில் இருந்தால் படத்தைக் கிளிக் செய்து பிக்சர் ஃபார்மட் > கம்ப்ரெஸ் பிக்சர்ஸ் போங்கள். டெலீட் கிராப்டு ஏரியாஸ் டிக் இருக்க வேண்டும். அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர் என்ற டிக்கை எடுத்தால் மொத்த ஃபைலுக்கும் செய்யும். ரெசல்யூஷனில் 220 போதும். பெரிதாக்கிக் காட்டும் படம் இருந்தால் 330. அந்த ஓகே அழுத்தும் முன் படி ஒன்றை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள், இது திரும்பி வராத வேலை.

வரியை எடுத்துக்காட்ட, மஞ்சள் கட்டத்தை விட நன்றாக இருப்பது பக்கத்தை மங்கவைத்து வரியை மட்டும் எரியவிடுவது. பக்கத்தைக் கிளிக் செய்து கன்ட்ரோல் டி. இரண்டாவது படி கொஞ்சம் தள்ளி விழும். இரண்டையும் தேர்ந்து அலைன் லெஃப்ட், அலைன் டாப் கொடுத்தால் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்காரும். மேலே உள்ளதைக் கிராப் செய்து அந்த ஒரு வரி மட்டும் மிஞ்சும்படி விளிம்புகளை இழுங்கள். கிராப் செய்யும்போது படம் நகர்வதில்லை, அதனால் வரி தன் இடத்திலேயே நிற்கும். விளிம்பு தானாக ஒட்டிக்கொண்டு சண்டித்தனம் செய்தால் ஆல்ட் விசையைப் பிடித்தபடி இழுங்கள். இப்போது அடியில் உள்ள படியைத் தேர்ந்து பிக்சர் ஃபார்மட் > டிரான்ஸ்பரன்சியில் 65 சதவீதம். உங்கள் கரும்பச்சைத் தீமில் அது பச்சையாக மங்கும். வேண்டாம் என்றால் டிரான்ஸ்பரன்சிக்குப் பதில் கலர் பட்டனில் வாஷ்அவுட். அடிப்படி மங்கல் இல்லாமல் முதல் ஸ்லைடு, மங்கலோடு அடுத்த ஸ்லைடு, நடுவில் ஃபேட். பார்வையாளர் கண் தானாக அந்த வரிக்குப் போகும்.

மஞ்சள்தான் வேண்டும் என்றால் செவ்வகம், அவுட்லைன் இல்லை, மஞ்சள் நிறம், டிரான்ஸ்பரன்சி 70. அதற்குக் கீழே போனால் எழுத்து அமுங்கும்.

பெரிதாக்கிக் காட்ட மார்ஃப் இருக்கிறது. முழுப் பக்கம் உள்ள ஸ்லைடை கன்ட்ரோல் டி செய்து, இரண்டாவதில் படத்தைப் பிடித்து இழுத்து, வேண்டிய பத்தி நடுவே வரும்படி பெரிதாக்குங்கள். படம் ஸ்லைடுக்கு வெளியே வழிந்தால் பரவாயில்லை. அந்த ஸ்லைடுக்கு டிரான்சிஷன்ஸில் மார்ஃப், நேரம் 2 விநாடி. கேமரா பக்கத்துக்குள் நுழைவது போல வரும். இதை உருவாக்க 2019 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போ 365 பதிப்போ வேண்டும், மார்ஃப் வசதி இல்லாத பழைய பதிப்பில் திறந்தால் வெறும் ஃபேடாகத்தான் ஓடும். கருத்தரங்கு அறையில் உள்ள கம்ப்யூட்டர் எது என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இந்த ஸ்லைடுக்குப் போகும் படத்தை மட்டும் 400 டிபிஐ முழுப் பக்கமாக, 2800 க்கு 3800 பிக்சலில் கொடுக்க வேண்டும். மீதி 20 ஸ்லைடுக்கு அது தேவையில்லை.

தீம் விஷயம். கரும்பச்சையை விடுங்கள். இருட்டுப் பின்னணியில் பெரிய வெளிர் செவ்வகம் எப்படி வைத்தாலும் கூசும். ஸ்கேன் வரும் ஸ்லைடுகளுக்கு மட்டும் ஃபார்மட் பேக்கிரவுண்ட் > சாலிட் ஃபில் > நிறப் பட்டியலில் ஐட்ராப்பர் எடுத்து, பக்கத்தின் வெற்று ஓரத்தில் கிளிக் செய்யுங்கள். தாள் நிறமே பின்னணி ஆகிவிடும், படத்தின் விளிம்பும் கண்ணை உறுத்தாது. இதற்காகவே தாளைப் பால்வெள்ளையாக வெளுக்காமல் இளம் பழுப்பாக விட்டுவைப்பது நல்லது என்பேன்.

கருத்துப்படம், முத்திரை, கையெழுத்து போன்றவற்றைப் பின்னணி இல்லாமல் காட்ட பலரும் செட் டிரான்ஸ்பரன்ட் கலர் அழுத்துகிறார்கள். அது ஒரே ஒரு நிறத்தைத்தான் நீக்கும். ஜேபெக்கில் வெள்ளை என்பது நூறு வகை வெள்ளை, அதனால் கோட்டைச் சுற்றிப் பொறிபொறியாக மிஞ்சும். கிம்பில் லேயர் > டிரான்ஸ்பரன்சி > கலர் டு ஆல்ஃபாவில் வெள்ளையைக் கொடுத்து பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்தால் கோட்டின் விளிம்பு வழவழப்பாக வரும். 1906இல் தொடங்கிய பாரதியின் இந்தியா இதழில் வந்த கருத்துப்படங்கள் போன்ற கோட்டோவியத்துக்கு இதுவே சரி.

26 படத்தை ஒவ்வொன்றாக இன்செர்ட் செய்ய வேண்டாம். இன்செர்ட் > ஃபோட்டோ ஆல்பம் > நியூ ஃபோட்டோ ஆல்பத்தில் எல்லாவற்றையும் ஒரே தடவை தேர்ந்தால் ஸ்லைடுக்கு ஒரு படமாகப் புது ஃபைல் ஒன்று உருவாகும். அந்த ஸ்லைடுகளை உங்கள் ஃபைலில் ஒட்டிக்கொள்ளலாம். ஃபைல் பெயர்கள் 001, 002 என்று தொடங்கட்டும். 1, 2, 10 என்று வைத்தால் வரிசை குழம்பும்.

நல்ல ஸ்கேன் பின்னால் கிடைத்தால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக வைக்காதீர்கள். படத்தின்மேல் ரைட் கிளிக் > சேஞ்ச் பிக்சர் கொடுத்தால் இடமும் அனிமேஷனும் அப்படியே இருக்கும். கிராப்பை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டற்றவன்:

பவர்பாயிண்ட் இல்லாதவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் லிப்ரே ஆஃபீஸ் பற்றி ஓரிரு வரி. இம்ப்ரெஸில் ஸ்கேனரிலிருந்து நேராக எடுக்கும் வழி இன்னும் இருக்கிறது: இன்செர்ட் > மீடியா > ஸ்கேன், அங்கே செலக்ட் சோர்ஸ், பிறகு ரிக்வெஸ்ட். சுருக்குவதற்குப் படத்தின்மேல் ரைட் கிளிக் > கம்ப்ரெஸ். டிபிஐ எண்ணைக் கொடுத்து கால்குலேட் நியூ சைஸ் அழுத்தினால், சுருக்கும் முன்னாலேயே எத்தனை கேபி ஆகும் என்று காட்டும். பவர்பாயிண்டில் இந்த முன்னறிவிப்பு இல்லை.

அடுத்தது, இதழ் கையில் இல்லாமல் இணைய நூலகத்திலிருந்து பிடிஎஃப் இறக்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறவர்கள் அதிகம். ஸ்கிரீன்ஷாட்டில் உங்கள் திரையின் பிக்சல்தான் வரும், பிடிஎஃப்புக்குள் இருப்பது வராது. பாப்ளர் கருவித்தொகுப்பில் பிடிஎஃப் பக்கத்தை வேண்டிய டிபிஐயில் ஜேபெக்காக மாற்றித்தரும் கட்டளை இருக்கிறது, 300 கொடுத்தால் போதும். இன்டர்நெட் ஆர்கைவ் பிடிஎஃப் என்றால் இன்னும் ஒரு சங்கதி. அங்கே அளவைக் குறைக்க எழுத்தை ஓர் அடுக்காகவும் தாளை வேறு அடுக்காகவும் பிரித்து, தாள் அடுக்கைக் கடுமையாகச் சுருக்கியிருப்பார்கள். பிடிஎஃப்பிலிருந்து படங்களை உருவினால் பக்கம் துண்டுதுண்டாக வரும். இறக்கும் பட்டியலில் ஜேபி2 என்ற ஜிப் இருந்தால் அதை எடுங்கள், ஸ்கேன் செய்த படம் அதில்தான் இருக்கும். ஜேபி2 ஃபைல் ஸ்லைடில் நேராக ஏறாது, இர்ஃபான்வியூ அல்லது இமேஜ்மேஜிக்கில் ஜேபெக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெட்டிய பத்தியின் கீழே அந்த வரிகளை யூனிகோடில் தட்டச்சு செய்து வைத்தால் பின்வரிசைக்கு உதவும். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, ரைட் கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தை அடையாளம் கண்டு தரும். படம் நேராக இருக்க வேண்டும், எழுத்து 10 பிக்சலாவது உயரம் வேண்டும், ஃபைல் 2 எம்பிக்குள் இருக்க வேண்டும். ஆனால் 1930கள் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. பெரியார் 1935இல் குடி அரசில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978இல். அதனால் உங்கள் இதழ்களில் பெரும்பாலானவை ணை, லை, ளை, னை நான்கையும் பழைய கொம்பு வடிவில், ணா, றா, னா மூன்றையும் சுழித்த வடிவில்தான் அச்சடித்திருக்கும். எழுத்துணரி அந்த இடங்களில் தடுமாறும். வந்ததை அப்படியே ஒட்டாமல் மூலத்தோடு ஒரு தடவை வரிக்கு வரி பார்த்துவிடுங்கள்.

அச்சுமை ஐயாவிடம் ஒரு சிறு மாறுபாடு. சிவப்பு சேனலில் எடுத்த கிரேஸ்கேல் பக்கத்தை வைத்தால் தெளிவு கூடும், சரி. ஆனால் இவர் பேசப்போவது பக்க அமைப்பைப் பற்றி. தாளின் நிறமும் அச்சின் அழுத்தமும் அதில் ஒரு பகுதி. முழுப் பக்கம் கலரிலும், பெரிதாக்கிய பத்தி மட்டும் சுத்தம் செய்ததாகவும் இருந்தால் நல்லது.

அச்சுமை:

ஒப்புக்கொள்கிறேன். சுத்தம் செய்ததை வெளிப்படையாகச் சொல்வதும் முறை. படக்குறிப்பில் இதழ் பெயர், தேதி, பக்க எண், எந்த நூலகப் படி, "கறை நீக்கியது" என்று ஒரு வரி. 14 பாயிண்டில் படத்தின் அடியிலேயே இருக்கட்டும், கடைசி ஸ்லைடில் கொத்தாகப் போட்டால் யாரும் பார்ப்பதில்லை.

இதழியல்மாணவி:

எல்லோருக்கும் நன்றி. முழுப் பக்கங்கள் கலர், பத்திகள் சிவப்பு சேனல், ஒரே ஒரு மார்ஃப் ஸ்லைடு என்று பிரித்ததில் ஃபைல் 31 எம்பிக்கு வந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர்கள் மெயிலில் அனுப்பச் சொல்கிறார்கள். கூகுள் ஸ்லைட்ஸில் ஏற்றி இணைப்பு கொடுத்தால் மார்ஃப் வேலை செய்யுமா?

பிக்சல்பாண்டி:

வேலை செய்யாது, அங்க மார்ஃப் கிடையாது. ஃபைலை ஸ்லைட்ஸா மாத்தாம பிபிடிஎக்ஸாவே டிரைவ்ல ஏத்தி, இறக்கிக்கிற மாதிரி இணைப்பு கொடுங்க. ஜிமெயில்ல நேரா அனுப்ப 25 எம்பிதான் வரம்பு, 31ஐ இணைச்சாலும் அதுவே டிரைவ் இணைப்பா மாத்திடும்.

மெயில்லயே இணைப்பா போகணும்னு கறாரா கேட்டா, சேவ் அஸ் போட்டு வேற பெயர்ல ஒரு படி எடுங்க. அந்தப் படியில மட்டும் கம்ப்ரெஸ் பிக்சர்ஸ் 150 பிபிஐ. முழு அகலப் படத்துக்கு 150ன்னா 2000 பிக்சல், 1920 திரைக்கு அதுவே தாராளம். மார்ஃப் ஸ்லைடு படத்தை மட்டும் அப்புறம் பெரிசாக்கிப் பார்த்துச் சரிபாருங்க, அடிவாங்கியிருந்தா சேஞ்ச் பிக்சர்ல மூலப்படியைத் திரும்ப வச்சுடலாம். வச்ச பிறகு சேமிக்கிறதுக்கு முன்னாடி சுருக்காதே டிக் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க, இல்லேன்னா அதையும் நறுக்கிடும்.

பின்னாடி எப்பவாவது கூகுள் ஸ்லைட்ஸ்லயே செய்றதா இருந்தா: ஒரு படத்துக்கு 50 எம்பி, 25 மெகாபிக்சல் வரம்பு. ஏ4 தாளை 600 டிபிஐல எடுத்தா 4960 க்கு 7016, கிட்டத்தட்ட 35 மெகாபிக்சல். ஏத்தும்போது பிழைதான் வரும். 300ல எடுத்தா 8.7, பிரச்சினை இல்லை. டிஃப் ஃபைலும் அங்க ஏறாது, ஜேபெக்கா மாத்திட்டு ஏத்துங்க.